தானிய அறையில் பூசணம்: டிரை ஐஸ் தேவையா, சுண்ணாம்பு போதுமா?

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி பகுதிகளில் ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைக்கப்படும் வேர்க்கடலை, ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்கும் பக்குவத்திற்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமும் அதுவே. களத்தில் காய வேண்டிய கடலையை, மேகம் கறுத்ததும் அரைகுறைக் காய்ச்சலிலேயே வாரி வீட்டுக்குள் சேர்க்க வேண்டியதாகி விடுகிறது. அந்த வேளையில் வீட்டுச் சுவரும் தரையும் ஈரம் கோத்திருக்கும். சில நாட்களில் சுவர் மூலையில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் படரும். பிறகு சாக்கின் அடியில் தெரியும். அதன் பிறகு கடலைக்குள்ளும் புகுந்து விடும்.

கட்டடங்களில் படியும் இந்தப் பூசணத்தை அகற்ற டிரை ஐஸ் எனப்படும் உலர் பனிக்கட்டியைப் பீய்ச்சும் முறை இப்போது பல நாடுகளில் கையாளப்படுகிறது. நம் நாட்டிலும் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்துகிறார்கள். இது எப்படி வேலை செய்கிறது, சிறு விவசாயியின் தானிய அறைக்கு இது தேவைதானா, தேவையில்லை என்றால் நாம் செய்யக்கூடியது என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பூசணம் ஏன் வருகிறது?

பூசணத்தின் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூசியாக எங்கும் காற்றில் மிதக்கின்றன. அவை இல்லாத வீடும் இல்லை, களமும் இல்லை. வித்து முளைக்க மூன்று வேண்டும்: உணவு, வெதுவெதுப்பு, ஈரம். தூசி, மரம், சாக்கு நார், காகிதம், கஞ்சிப் பசை ஆகிய எதுவும் அதற்கு உணவாகும். நம் ஊர் வெப்பமோ ஆண்டு முழுவதும் அதற்கு ஏற்றதே. இந்த இரண்டையும் நாம் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

உழவும் நெசவும் சேர்ந்து நடக்கும் ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பகுதி மக்களுக்கு இது புதிதல்ல. மழைக் காலத்தில் தறிக்குழி ஈரம் கசிந்தால், கஞ்சி போட்ட பாவு நூலில் புள்ளி விழுவதை அவர்கள் அறிவார்கள். கஞ்சி உணவு, குழியின் கசிவு ஈரம். தானிய அறையில் நடப்பதும் அதே கதைதான்.

டிரை ஐஸ் என்பது என்ன?

நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவையே அழுத்திக் குளிர்வித்துக் கட்டியாக்கினால் கிடைப்பது டிரை ஐஸ். பிரெஞ்சுக்காரரான திலோரியே 1835இல் இதைப் பற்றி முதன்முதலாக எழுதினார். இதன் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 78.5 டிகிரி செல்சியஸ். மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்ய உறைவிந்து வைத்திருக்கும் கொள்கலனைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள திரவ நைட்ரஜன் இதைவிடவும் குளிர்ந்தது. டிரை ஐஸின் தனிக் குணம், அது உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாக மாறிவிடுவது. கல்யாண மேடைகளில் தரையோடு தவழும் வெண்புகை பெரும்பாலும் இதனால் எழுப்பப்படுவதே.

சுத்தம் செய்யும்போது, அரிசி அளவிலான டிரை ஐஸ் மணிகளைக் கம்ப்ரஸரின் காற்றோடு சேர்த்து ஒரு குழாய் வழியே வேகமாகச் சுவர் மீது பீய்ச்சுகிறார்கள். அங்கே மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மணி மோதும் வேகத்தில் அழுக்கு இளகுகிறது. கடும் குளிர் பட்டதும் அழுக்குப் படலம் சுருங்கி வெடிக்கிறது. மோதிய மணி அக்கணமே சுமார் 800 மடங்கு விரிந்து வாயுவாகி, இளகிய அழுக்கை அடியிலிருந்து நெம்பித் தள்ளுகிறது. பீய்ச்சிய பொருள் காற்றோடு போய்விடுவதால், பின்னர் வார வேண்டியது உதிர்ந்த அழுக்கை மட்டுமே.

இதில் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, சுவரில் தண்ணீர் படுவதில்லை. பூசணத்தைக் கழுவப் போய் ஈரத்தை ஏற்றிவிட்டால் மறுபடி பூசணம் வரும். அந்தச் சங்கடம் இதில் இல்லை. இரண்டாவது, மணலைப் போல இது கல்லை அராவுவதில்லை. தமிழ்நாட்டில் பல கோயில்களில் கல் தூண்களையும் சுவர்களையும் சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சியபோது, கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களும் தேய்ந்து போவதாகத் தொல்லியல் அறிஞர்கள் கடுமையாக ஆட்சேபித்தது பலருக்கு நினைவிருக்கலாம். டிரை ஐஸ் மணலைவிட மிக மென்மையானது. ஆயினும் மண் சுவர், பொரிந்த காரை, மென்மையான மரம் ஆகியவற்றை அதன் வேகமும் பெயர்த்துவிடும்.

அதன் குறைகள்

டிரை ஐஸ் பூசணத்தை மேற்பரப்பிலிருந்து பெயர்த்தெடுக்கிறது. அவ்வளவுதான். குளிரில் எல்லா வித்துக்களும் செத்துவிடுவதில்லை. பெயர்ந்த வித்துக்கள் அறை முழுவதும் பறக்கும். நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய உறிஞ்சு இயந்திரம் கொண்டு அவற்றை இழுத்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால், ஒரு மூலையில் இருந்த பூசணத்தை வீடெங்கும் விதைத்த கதையாகிவிடும்.

அதைவிடப் பெரியது உயிர் அபாயம். ஒரு கிலோ டிரை ஐஸ் சுமார் 540 லிட்டர் கரியமில வாயுவாக மாறுகிறது. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 28,000 லிட்டர். கதவு, சன்னலை மூடிக்கொண்டு அதில் 5 கிலோவைப் பீய்ச்சினாலே அறைக் காற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கரியமில வாயுவாகிவிடும். அந்த அளவில் மனிதன் சில நிமிடங்களில் நினைவிழப்பான். இயந்திரமோ ஒரு மணி நேரத்தில் இதைப் போலப் பல மடங்கு டிரை ஐஸை விழுங்கக் கூடியது. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பள்ளத்தில் தங்கும். காற்றோட்டமில்லாத தானியக் குழியிலும் பாழ்கிணற்றிலும் இறங்கியவர்கள் மயங்கி விழுந்து மாண்ட செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். அங்கே சேரும் கெட்ட காற்றிலும் முக்கியமானது இதே வாயுதான்.

டிரை ஐஸை வெறும் கையால் தொட்டால் தீப்பட்டதுபோல் தோல் புண்ணாகும். இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தால் வாயு அழுத்தம் தாங்காமல் பாத்திரம் வெடிக்கும். எனவே பயிற்சி பெற்றவர்கள், தக்க பாதுகாப்போடும் காற்றோட்டத்தோடும் செய்ய வேண்டிய வேலை இது. யாரேனும் மலிவாகச் செய்து தருகிறோம் என்று வந்தாலும், குடியிருக்கும் வீட்டின் மூடிய அறையில் இதைச் செய்ய இடம் கொடுக்க வேண்டாம்.

பெரிய ஆலைகள், நீர் படக்கூடாத மின் கருவிகள், வெள்ளத்தில் நனைந்த பெரிய கட்டடங்களின் மர உத்தரங்கள் போன்றவற்றிற்கு இம்முறை ஏற்றது. நான்கு மூட்டைக் கடலையும் பத்து மூட்டை நெல்லும் வைக்கும் அறைக்கு இது வேண்டியதில்லை. ஆனால் அதன் பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்: சுவரை நனைக்காதே, வித்தைப் பறக்க விடாதே, காற்றோட்டம் இல்லாமல் வேலை செய்யாதே.

முதலில் ஈரத்தின் வழியைக் கண்டுபிடியுங்கள்

எந்த முறையில் துடைத்தாலும், ஈரம் வரும் வழியை அடைக்காவிட்டால் சில வாரங்களில் பூசணம் திரும்ப வந்துவிடும். ஈரம் மூன்று வழிகளில் வரும்.

மேலிருந்து வருவது கூரை ஒழுக்கு. உடைந்த ஓடு, தளத்து விரிசல், அடைபட்ட தூம்பு ஆகியவற்றைப் பாருங்கள். சுவரின் மேற்பகுதியில் பூசணம் இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுவே.

பக்கத்திலிருந்து வருவது சுவர்க் கசிவு. வெளிச் சுவரை ஒட்டி மண்ணோ எருவோ குவித்திருந்தாலும், குளியலறைத் தண்ணீர் சுவரோரம் தேங்கினாலும் உட்புறம் ஈரம் கோக்கும். சுவரோர மண்ணை அகற்றி, தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள்.

கீழிருந்து வருவது தரை ஈரம். இதை அறிய எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டும் நாடாவால் இறுக ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் கறுத்திருந்தாலோ தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அந்த அறையில் மூட்டையை ஒருபோதும் தரையில் வைக்கக் கூடாது.

அறையைச் சுத்தம் செய்யும் முறை

புரட்டாசியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, அறுவடைக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நலம்.

1. அறையிலுள்ள மூட்டை, சாக்கு, கூடை எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள். குழந்தைகளும் இளைப்பு நோய் உள்ளவர்களும் அருகில் இருக்க வேண்டாம்.

2. வேலை செய்பவர் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிய வேண்டும். துண்டு கட்டுவதைவிட, மருந்துக் கடையில் கிடைக்கும் என்-95 வகை நல்லது. பூசணத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் இளைப்பும் நுரையீரல் அழற்சியும் வரும்.

3. பூசணத்தின் மீது துடைப்பத்தை உலர்வாக ஓட்டக் கூடாது. வித்து பறக்கும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாக ஒற்றித் துடைத்து, பிறகு பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். துடைத்த துணியைப் புதைத்துவிடுங்கள்.

4. பொரிந்த காரையைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் பூசிக் காய விடுங்கள்.

5. சிமெண்டுத் தரையை வெளுக்கும் தூள் கரைத்த நீரால் துடைக்கலாம். ஆனால் அதனோடு கழிப்பறை ஆசிட்டையோ வேறு மருந்தையோ கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

6. அறை நன்றாக உலர்ந்த பிறகு இரண்டு கை சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு அல்லது கல் சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் விட்டுத் தாளித்து, ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். பிடிப்புக்காகக் கஞ்சியோ மாவுப் பசையோ சேர்க்க வேண்டாம். அது பூசணத்திற்கே தீனியாகும். தாளிக்கும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்கு மிகவும் கேடு. எட்டி நின்று செய்யுங்கள்.

சுண்ணாம்பு வெறும் வெள்ளை நிறத்திற்காக அடிப்பதல்ல. புதுச் சுண்ணாம்பின் காரத் தன்மையில் பூசண வித்து முளைக்காது. சுவரின் ஈரமும் அதன் வழியே மூச்சு விட்டு வெளியேறும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்த நம் முன்னோர் வழக்கத்தில் இந்தப் பயனும் இருக்கிறது. ஈரச் சுவர் மீது பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, சில மாதங்களில் பெயிண்டே உரியும்.

மூட்டை வைக்கும் முறை

தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மரச் சட்டம் போட்டு அதன் மேல் மூட்டையை அடுக்க வேண்டும். சுவருக்கும் மூட்டைக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். பழைய சாக்கை உதறி, கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் நன்கு காய்ந்த பிறகே பயன்படுத்துங்கள். மழை நாளில் சன்னலை மூடி, வெயில் வந்த நாளில் திறந்து வையுங்கள்.

மாலத்தியான் போன்ற பூச்சி மருந்துகள் பூசணத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. நச்சு வாயு மாத்திரைகளும் பூச்சிக்குத்தான். குடியிருக்கும் வீட்டில் அவற்றை வைப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

சுவரில் உள்ளதைத் துடைக்கலாம், கடலையில் உள்ளதை?

இங்கேதான் விவசாயிகள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். சுவரில் படர்வதும் கடலையில் படர்வதும் எப்போதும் ஒரே வகைப் பூசணம் அல்ல. கடலையில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் படரும் அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம், அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மாண்டன. காரணத்தைத் தேடியபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருப்பது தெரியவந்தது. நம் நாட்டில் 1974இல் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்கள் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டனர். 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தனர். அதே வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. நீண்ட காலம் சிறிது சிறிதாக உட்கொண்டால் இந்த நஞ்சு ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

வறுத்தாலோ வேகவைத்தாலோ பூசணம் சாகும். நஞ்சோ முழுவதும் அழியாது. கழுவினாலும் போகாது. மேலே தெரியும் பச்சையைத் துடைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்பது தவறு. பதப்படுத்தச் செல்லும் கடலையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு டன் கடலைக்குக் கணக்கிட்டால் 15 மில்லிகிராம்; ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. சில சொத்தைப் பருப்புகளே ஒரு மூட்டையைக் கெடுத்துவிடும் என்பது இதிலிருந்து விளங்கும்.

"மாட்டுக்குப் போட்டுவிடுவோம்" என்றும் எண்ண வேண்டாம். கறவை மாடு தின்ற நஞ்சின் ஒரு பகுதி, ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடுகிறது. அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைதான். கோழிக்கும் வேண்டாம். பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எடுத்துப் புதைப்பதே முறை. அதை நல்ல கடலையோடு கலந்து செக்குக்கு அனுப்பினால் பிண்ணாக்கு முழுவதும் நஞ்சாகும்.

காய்ச்சலே காப்பு

ஆகவே கடலையை அறைக்குள் கொண்டு வரும்முன் அதன் ஈரத்தைப் பார்க்க வேண்டும். பிடுங்கிய செடிகளைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து உலர்த்துங்கள். காய் பறித்த பிறகு தார்ப்பாயில் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் காய வையுங்கள். மழை வந்தால் மூடலாம். மழை விட்டதும் உடனே திறக்க வேண்டும். மூடிய தார்ப்பாய்க்குள் வேர்த்துப் போகும் கடலையே முதலில் பூசணம் பிடிக்கும். மழையில் நனைந்த கடலையைக் காய்ந்த கடலையோடு கலக்காமல் தனியே உலர்த்துங்கள். வெடித்த காய், பூச்சி அரித்த காய், முற்றாத காய் ஆகியவற்றைப் பொறுக்கி நீக்குங்கள்.

சேமிக்கும் காயில் ஈரம் 8 சதவீத அளவில் இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் கையால் அறியலாம். காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். அழுத்தினால் இரண்டாகப் பிளக்க வேண்டும், வளையக் கூடாது. தோல் உரிக்கும் முன் பருப்பு உடையாமலிருக்கவும், எடை கூடவும் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. காய வைத்த பாடு அத்தனையும் அதனால் வீணாகிறது. அதைக் கைவிட வேண்டும். விதைக்கு வைப்பதைக் காயாகவே வையுங்கள். ஓடே அதற்குக் காவல்.

நெல்லுக்கு உப்புச் சோதனை செய்யலாம். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லைப் போட்டு, நன்கு காய்ந்த உப்புத் தூள் மூன்று கரண்டி சேர்த்து, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் உட்புறத்தில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்திற்கு மேல். இன்னும் காய வேண்டும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை நெல்லை எடுத்துக்கொள்வது வழக்கம். அது விற்பனைக்கான கணக்கு. வீட்டில் வைப்பதற்கு 14 சதவீதத்திற்கு மேல் போகக் கூடாது. விதை நெல்லானால் 12 சதவீதம்.

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் சேமிப்பு முறைகள் குறித்த ஐயங்களுக்குத் திரூரிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகலாம்.

டிரை ஐஸ் இயந்திரம் செய்வது, வந்துவிட்ட பூசணத்தைப் பெயர்ப்பது. ஓட்டை அடைப்பது, தரையை உயர்த்துவது, சுண்ணாம்பு அடிப்பது, கடலையைக் கலகலவெனக் காய வைப்பது ஆகிய நான்கும் பூசணத்தை வரவிடாமலே தடுப்பவை. இவற்றிற்கு ஆகும் செலவு குறைவு. ஐப்பசி மழைக்கு முன் இந்த வேலைகளை முடித்துக்கொண்டால் விதையும் நிற்கும், விலையும் நிற்கும், வீட்டாரின் ஈரலும் காக்கப்படும்.